ஓடக்காரியின் முன்பல்

தலைமை நாற்காலியில் அமர்ந்து, நான் பேச எழுந்த நொடியிலேயே கைக்கடிகாரத்தை ஒருமுறை பார்த்து வைத்துக்கொண்ட, கனிவும் கண்டிப்பும் கலந்த கல்லூரி முதல்வர் அவர்களே! நாற்பது மாணவர்களுக்குத் தொண்டை நோகாமல் பாடக் கற்றுக்கொடுத்து, தன் தொண்டையை மட்டும் தொலைத்துவிட்டு, இன்று சைகையாலேயே எனக்கு வணக்கம் சொன்ன இசையாசிரியர் அவர்களே! இந்த இசைநாடகத்தை இளமையில் பலமுறை பார்த்துப் பாட்டெல்லாம் மனப்பாடமாகி, நடிகர்கள் வாய் திறக்கும் முன்பே தாங்கள் வாய் திறந்துவிடும் பெரியோர்களே! பிள்ளைகளின் மேடை உடைக்காக வீட்டுச் சன்னல் திரைகளையெல்லாம் கழற்றிக் கொடுத்துவிட்டு, ஒரு மாதமாக வெயிலோடு குடித்தனம் நடத்தும் தாய்மார்களே! திரைக்குப் பின்னால் நின்று ஒற்றைக் கண்ணால் எட்டிப் பார்க்கும் மாணவச் செல்வங்களே! தெரிகிறது தம்பி, தெரிகிறது. மீசை ஒட்டிக்கொண்டால் அடையாளம் தெரியாது என்று யார் சொன்னது? உங்கள் அனைவருக்கும் என் பணிவான, பற்கள் அனைத்தும் தெரியும் வணக்கம்!

நான் ஒரு பல் மருத்துவர். இருபத்தாறு ஆண்டுகளாகப் பேசிக்கொண்டுதான் இருக்கிறேன். ஆனால் யாரிடம் பேசியிருக்கிறேன்? வாயில் பஞ்சும் குழாயும் வைத்துக்கொண்டு "ஆ" என்று மட்டும் சொல்லக்கூடியவர்களிடம்! "வீட்ல எல்லாரும் சௌக்கியமா?" என்று கேட்பேன். "ஆ." "பையனுக்கு வேலை கிடைச்சுதா?" "ஆ." "வலிக்குதா?" "ஆஆஆ!" அவ்வளவுதான் உரையாடல். எதிர்த்துப் பேசக்கூடியவர்கள் முன்னால் நான் பேசுவது இதுவே முதல்முறை. நடுக்கமாகத்தான் இருக்கிறது.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள்! சிரித்தால்தானே எனக்கும் உள்ளே என்ன நிலவரம் என்று தெரியும்? வலப்பக்கம், தூணோரம், நீலச் சட்டை ஐயா! ஆறு மாதமாக வரச் சொல்கிறேன். இப்போது வாயை மூடிப் பயனில்லை, பார்த்துவிட்டேன்.

சென்ற மாதம் இதே மேடையில், இதே மாணவர்கள், இதே நாடகத்தை நடத்தினார்கள். அன்று என்ன நடந்தது என்பதைப் பற்றி ஊருக்குள் பத்துவிதமாகக் கதை உலவுகிறது. அதில் ஒரு கதையில் நான் மேடையேறி இளவரசனை மணந்துகொண்டதாகக்கூட வருகிறதாம். அதைக் கேட்டு என் கணவர் இரண்டு நாள் என்னோடு சரியாகப் பேசவில்லை. ஆகவே, இன்று திரை மறுபடி உயரும் முன், நடந்ததை நடந்தபடி சொல்லிவிடுங்கள் என்று முதல்வர் கேட்டார். சொல்கிறேன்.

முதலில் நாடகம். இளையவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஓர் ஆறு. ஆற்றிலே ஓடம் விடும் ஒரு பெண். அக்கரைப் பயணிகளை அவள் கூவி அழைப்பதில்லை, சீழ்க்கையடித்து அழைப்பாள். சீழ்க்கை என்று செந்தமிழில் சொன்னால் பின்வரிசையில் விழிக்கிறார்கள். விசில் ஐயா, விசில்! மாறுவேடத்தில் வந்த இளவரசன் அந்த விசிலில் மனத்தைப் பறிகொடுக்கிறான். அவனுடைய சிற்றப்பனுக்கு அது பொறுக்கவில்லை. கடைசிக் காட்சியில் இளவரசனின் கண்ணைக் கட்டி ஆற்றங்கரையில் நிறுத்துகிறான். ஒரே மாதிரி உடையில் ஏழு பெண்கள். அவர்கள் பேசக் கூடாது, பாடக் கூடாது. "உன் ஓடக்காரியைக் கண்டுபிடித்தால் அவள் உனக்கு, தோற்றால் அரசு எனக்கு!" ஏழு பேரும் மௌனமாக நிற்கிறார்கள். அப்போது, பேசாமல், பாடாமல், அவள் விசிலடிக்கிறாள். அவன் நேரே நடந்து வந்து அவள் கையைப் பிடிக்கிறான். அந்த ஒரு விசிலுக்காகத்தான் இரண்டரை மணி நேர நாடகம். அந்த ஒரு விசிலுக்காகத்தான் இங்குள்ள பெரியவர்கள் ஐம்பது ஆண்டாக அலைகிறார்கள்.

நாற்பது மாணவர்களில் விசிலடிக்கத் தெரிந்தவர் எத்தனை பேர்? ஒருத்தி. ஒரே ஒருத்தி! மின்சார வேலை படிக்கும் மாணவி. ஒல்லியான உடம்பு, அந்த உடம்புக்குள் அவ்வளவு காற்று எங்கே இருக்கிறது என்பது மருத்துவத்துக்கே விளங்காத மர்மம். தோழர்கள் அவளுக்கு வைத்த பெயர் குக்கர். பாட்டு சுமாராக வரும், நடிப்பு சுமாராக வரும், விசில் மட்டும் வானத்தைக் கிழிக்கும். அதனாலேயே அவள் கதாநாயகி.

நாடகத்துக்கு மூன்று நாள் முன்பு ஒத்திகை. சிற்றப்பனாக நடிக்கும் மாணவன், நல்ல உயரம், நல்ல உடற்கட்டு, முகத்திலே முழு வில்லத்தனம், தோளில் மரத்துடுப்பை வைத்துக்கொண்டு நின்றிருக்கிறான். பின்னாலிருந்து யாரோ கூப்பிட, திரும்பியிருக்கிறான். அவன் திரும்பினான், துடுப்பும் திரும்பியது, துடுப்பு போன வழியில் குக்கரின் முகம் இருந்தது.

அன்று மாலை ஐந்து மணிக்கு என் மருத்துவமனைக் கதவு திறந்தது. முதலில் இளவரசன் வந்தான். அவனுக்குப் பின்னால் வாயைத் துணியால் பொத்திக்கொண்டு அவள். அவளுக்குப் பின்னால் இரண்டு படைவீரர்கள். அப்புறம், நாடகத்தில் ஆறாக வரும் நீலத்துணியின் நான்கு முனைகளையும் பிடிக்கும் நான்கு பேர். ஆறே வந்துவிட்டதம்மா என் மருத்துவமனைக்கு! கடைசியில் அந்த வில்லன், தேம்பித் தேம்பி அழுதுகொண்டு. காத்திருந்த நோயாளிகள் அவனுக்குத்தான் பல்வலி என்று நினைத்து, "பாவம், இந்தப் பிள்ளையை முதல்ல பாருங்க டாக்டர்" என்று வழிவிட்டார்கள்.

"டாக்டர், நான்தான் டாக்டர்! என்னைப் போலீஸ்ல பிடிச்சுக் கொடுத்துடுங்க!" என்றான் வில்லன்.

"மொதல்ல நீ அந்த நாற்காலியிலேருந்து எறங்குப்பா. அது அவளுக்கு" என்றேன்.

பார்த்தேன். மேல்வரிசை முன்பல் ஈறோரம் ஒடிந்திருந்தது. வேர் மட்டும் மிச்சம். வேருக்குச் சிகிச்சை செய்து, நிரந்தரப் பல் செய்துவரக் குறைந்தது இரண்டு வாரம். நாடகமோ மூன்றாவது நாள்.

"தற்காலிகமா ஒரு பல்லு ஒட்டி விடறேன். பாத்தா வித்தியாசம் தெரியாது. ஆனா கடிக்கக் கூடாது, இழுக்கக் கூடாது, நாக்கால தள்ளிப் பாக்கக் கூடாது. விசிலும் கூடாது."

ஆற்றின் நான்கு முனைகளும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன.

"விஃபில் இல்லாம எப்படி டாக்டர்?" என்றாள் அவள். பல் போன வாயிலே அவளுக்கு "விசில்" என்ற சொல்லே வரவில்லை. "அந்த ஒரு விஃபிலுக்குத்தான் என்னைச் சேர்த்தாங்க."

"வேற யாராவது அடிக்கட்டுமே?"

எல்லோரும் என் முன்னால் முயன்று பார்த்தார்கள். இளவரசன் ஊதினான், எச்சில் வந்தது. வீரர்கள் ஊதினார்கள், காற்று வந்தது. வில்லன் ஊதினான், மறுபடி அழுகை வந்தது. ஒலிப்பதிவு செய்து போடலாமே என்றேன். அதற்கு அவள், துணியை எடுத்துவிட்டு, ரத்தம் கசிந்த வாயோடு சொன்னாள்: "அது பொய் டாக்டர். அவன் கண்ணைக் கட்டிட்டு நிக்கறான். அவன்கிட்ட பொய் சொல்லக் கூடாது."

இந்த வாதத்துக்கு மருத்துவப் புத்தகத்தில் பதில் இல்லை. "சரி, மேடையில மட்டும் ஒரே ஒரு தடவை. பசை பிடிக்கும். நான் சொல்றேன், விழாது" என்றேன்.

விழாது என்றேனே! யார் சொல்லச் சொன்னார்கள்? "விழாமல் இருக்கலாம்" என்று சொல்லியிருக்கலாம். "பார்ப்போம்" என்று சொல்லியிருக்கலாம். மருத்துவர்கள் மழுப்புவதற்கென்றே மொழியில் நூறு சொற்கள் இருக்கின்றன. அத்தனையும் விட்டுவிட்டு, விழாது என்று வாக்குக் கொடுத்துவிட்டேன்.

அந்த வாக்குதான் என்னை நாடகத்துக்கு இழுத்து வந்தது. பெரியோர்களே, உண்மையை ஒப்புக்கொள்கிறேன்: எனக்கு நாடகம் பார்க்கும் பழக்கம் கிடையாது. என் கணவர்தான் இந்த நாடகத்தின் பக்தர். நில அளவைத் துறையில் வேலை பார்ப்பவர். எதைப் பார்த்தாலும் எத்தனை அடி என்று சொல்லாமல் இருக்க முடியாது அவரால். மூன்றாவது வரிசையில் இடம்பிடித்து, "மேடையிலேருந்து பதினெட்டு அடி. அருமையான தூரம்" என்று உட்கார்ந்தார். திரை உயர்ந்தது. முதல் பாட்டுக்கே கைக்குட்டையை எடுத்துவிட்டார்.

நானோ? நான் நாடகம் பார்க்கவில்லை ஐயா, நான் பல் பார்த்தேன்! பாட்டுப் புத்தகத்தை முன்கூட்டியே வாங்கி, பல்லுக்கு ஆபத்தான இடங்களிலெல்லாம் சிவப்பு மையால் கோடு போட்டு மடியில் வைத்திருந்தேன். "பா" வந்தால் பதறினேன். "தா" வந்தால் தவித்தேன். நிலவைப் பற்றி ஒரு பாட்டு, அதிலே ஆபத்தான எழுத்து குறைவு, ஆகவே அதை மட்டும் கொஞ்சம் ரசித்தேன். ஊரே அவள் கண்ணைப் பார்க்கிறது, நடையைப் பார்க்கிறது, துடுப்புப் போடும் அழகைப் பார்க்கிறது. நான் ஒருத்தி மட்டும் அவள் மேலுதட்டுக்குக் கீழே எட்டு மில்லிமீட்டர் இடத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். முதல் காட்சியில் பயணிகளை அழைக்கிற சிறு விசில் ஒன்று உண்டு. அதை அவள் அடித்தாள். அரங்கமே ஆர்ப்பரித்தது. பல் அசையவில்லை. நான் மூச்சு விட்டேன். ஒரே ஒரு தடவை என்று சொன்னேனே, அந்தக் கணக்கு அங்கேயே உதைத்துவிட்டது. கடைசி விசில் இனிமேல்தான் இருக்கிறது.

இரண்டாம் பாதியில் ஓடக்காரிக்கும் சிற்றப்பனுக்கும் வாக்குவாதப் பாட்டு. என் புத்தகத்தில் அந்தப் பக்கம் முழுவதும் சிவப்பு. "துடுப்பைத் தொடாதே!" என்று பாடினாள். நின்றது. "படகைத் தொடாதே!" என்று பாடினாள். நின்றது. "பாவி, என் பாதையைத் தொடாதே!" என்று உச்சத்தில் எடுத்தாள் பாருங்கள்! பாவி என்ற சொல் வில்லனிடம் போய்ச் சேரும் முன்பே, என் பல் கிளம்பிப் போய்விட்டது.

எங்கே போனது? ஆற்றுக்குள் போனது! நீலத்துணியை நான்கு பேரும் அலையலையாக ஆட்டிக்கொண்டிருக்கிறார்கள். துணியின் மேல் என் பல் துள்ளுகிறது. எழுகிறது, விழுகிறது, எழுகிறது, விழுகிறது! விளக்கொளியில் வெள்ளையாக மின்னுகிறது.

என் கணவர் என் கையைத் தட்டினார். "பாத்தியா? மீன் துள்ளுது! அந்தக் காலத்துல இவ்வளவு தத்ரூபமா செஞ்சதே கிடையாது!"

"மீன் இல்லைங்க" என்றேன். "அது என் பல்லு."

அவர் என் வாயைப் பார்த்தார். பிறகு மேடையைப் பார்த்தார். பிறகு, அவர் குணம் அது, "பதினோரு அடி போயிருக்கு" என்றார்.

அந்தப் பெண் என்ன செய்தாள்? பாட்டை நிறுத்தவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு பாடினாள் என்று சொல்ல ஆசைதான். கடிக்கத்தான் பல் இல்லையே! புறங்கையால் வாயை மறைத்துக்கொண்டு, அதுவும் நடிப்பு என்று நம்பும்படி, மிச்சப் பாட்டை முடித்துவிட்டு உள்ளே போனாள். அரங்கில் வேறு ஒருவருக்கும் தெரியாது. மேடையில் இருந்தவர்களுக்குத் தெரியும், எனக்கும் என் கணவருக்கும் தெரியும். நாற்காலியின் கைப்பிடியை நான் பிடித்த பிடியில் அதன் திருகாணி கழன்றது. இன்னும் கழன்றுதான் இருக்கிறது, மூன்றாவது வரிசை, ஏழாம் எண், உட்காருபவர் கவனமாக இருக்கவும்.

வந்தது கடைசிக் காட்சி.

இளவரசனின் கண்ணைக் கட்டினார்கள். மேடைக்காகக் கட்டிய மெல்லிய துணி அல்ல அது. உண்மை உணர்ச்சி வேண்டும் என்று இசையாசிரியர் உத்தரவிட்டதால், மூன்று மடிப்புக் கறுப்புத் துணி. அவனுக்கு உண்மையிலேயே ஒன்றும் தெரியாது. ஏழு பெண்கள் பின்னால் வரிசையாக வந்து நின்றார்கள். வாத்தியங்கள் நின்றன. நாடகத்தின் விதி, அந்த இடத்தில் ஓசை கூடாது. ஆயிரம் பேர் உட்கார்ந்திருந்த அரங்கில் அவரவர் மூச்சு அவரவருக்குக் கேட்டது.

ஐந்தாவதாக நின்றவள் உதட்டைக் குவித்தாள். ஊதினாள்.

"ஃபூ..."

காற்று. வெறும் காற்று! மறுபடி ஊதினாள். மறுபடி காற்று. இளவரசன் இரு கைகளையும் நீட்டியபடி நிற்கிறான். ஏழு பேரில் யாரும் பேச முடியாது. வில்லன் மட்டுமே பேசலாம். ஆனால் அவன் பேச வேண்டிய அடுத்த வசனம் என்ன? விசில் வராவிட்டால், "தோற்றாய்!" என்பதுதானே நியாயம்? தன் துடுப்பால் உடைந்த பல்லுக்காகத் தானே தீர்ப்புச் சொல்ல வேண்டிய நிலை. அவன் கன்னத்து மை வியர்வையில் கரைந்து ஓடியது.

"இப்போ வரணுமே... இப்போ வரணுமே..." என்று என் கணவர் கைக்குட்டையைப் பிழிந்தார்.

அவள் மூன்றாம் முறை ஊதவில்லை. தலையைத் தூக்கி அரங்கத்தைப் பார்த்தாள். யாரையோ தேடினாள். என்னைக் கண்டுபிடித்தாள். குற்றம் சொல்கிற பார்வையா அது? இல்லையே! குற்றம் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். "டாக்டர், இப்போ என்ன செய்யறது?" என்று, நாற்காலியில் படுத்திருக்கும் நோயாளி என்னைப் பார்ப்பாரே, அந்தப் பார்வை.

தாய்மார்களே, உங்களிடம் ஓர் இரகசியம் சொல்கிறேன். சிறு வயதில் நான் எங்கள் வீட்டு மொட்டைமாடியில் நின்று, இரண்டு விரலை மடக்கி நாக்கின் கீழ் வைத்து விசிலடித்தால், நான்கு தெரு தாண்டிப் பந்து விளையாடும் என் அண்ணன் சாப்பிட வந்துவிடுவான். பதிமூன்று வயதில் அம்மா, "போதும்டி, இனிமே எறங்கிப் போய்க் கூப்பிடு" என்றார். நிறுத்தினேன். அதற்குப் பிறகு படிப்பு, மணவாழ்வு, மருத்துவமனை. என் மருத்துவமனைச் சுவரில் பெரிய எழுத்தில் ஒரு பலகை வேறு மாட்டியிருக்கிறேன், வாயில் விரல் வைக்காதீர்கள் என்று!

எழுவதா? ஐம்பத்து நான்கு வயதில் எழுவதா? என் நோயாளிகள் இருநூறு பேர் உட்கார்ந்திருக்கும் அரங்கில் எழுவதா? முதல்வர் முன்வரிசையில் இருக்க எழுவதா? நாளைக்கு யார் என்னிடம் பயத்தோடு வாய் திறப்பார்கள்?

இத்தனை கேள்வியும் முடிவதற்குள் நான் எழுந்துவிட்டேன். இரண்டு விரலும் வாய்க்குள் போய்விட்டன.

நாற்பத்தோரு ஆண்டு அடைத்து வைத்திருந்த காற்று ஐயா அது! போயிற்று பாருங்கள் ஒரு விசில்! எனக்கு முன்னால் இருந்தவரின் கண்ணாடி கீழே விழுந்தது. மேலே விளக்குப் பிடித்திருந்தவன் விளக்கை விட்டுவிட்டான். முதல்வர் அவர்கள்... மன்னிக்க வேண்டும், சொல்லட்டுமா? தலையசைக்கிறார். முதல்வர் அவர்கள் கல்லூரியில் தீப்பிடித்துவிட்டதாக எண்ணி எழுந்து நின்றுவிட்டார்.

என் கணவர் மெல்லத் திரும்பினார். "முப்பது வருஷமா இதை எங்கிட்டேயிருந்து மறைச்சு வெச்சிருந்தியா?"

அதற்குப் பதில் சொல்ல நேரமில்லை. காரணம், மேடையில் இளவரசன் திரும்பிவிட்டான். ஏழு பெண்களுக்கு முதுகைக் காட்டி, எங்களை நோக்கி! அவன் என்ன செய்வான் பாவம்? விசில் வந்த திசைதானே அவனுக்குக் காதலி? முகம் மலர்ந்தது. கையை விரித்தான். அந்தப் புகழ்பெற்ற காதல் பாட்டை எடுத்தான்: "கரை அறியாமல் நின்றேனே, உன் காற்று வந்து கைபிடித்ததே!" ஒவ்வொரு அடியாக, மூன்றாவது வரிசையை நோக்கி, என்னை நோக்கி, பாடிக்கொண்டே வருகிறான்.

"என்ன, உன்னைப் பாத்துப் பாடறான்?" என்றார் கணவர்.

"கண்ணைக் கட்டியிருக்குங்க. அவனுக்கு என்ன தெரியும்?"

"கண்ணைக் கட்டியிருக்கறதாலதான் பாடறான்" என்றார்.

சிரிக்காதீர்கள்! அன்று இதே இடத்தில் நீங்கள் சிரித்தீர்கள். சிரித்துக்கொண்டே இருந்தபோதுதான் என் கணவரின் முகம் மாறியது. அளவைக்காரர் அல்லவா? "ஏய், மேடை விளிம்புக்கு நாலடிதான் இருக்கு" என்றார். "மூணடி."

மேடையிலிருந்து கீழே எவ்வளவு உயரம்? ஆளுயரம்! கீழே வாத்தியக்காரர்கள். "தம்பி, நில்லு!" என்று கத்தினேன். பெரியவர்களும் எழுந்தார்கள். "நில்லுப்பா! நில்லு! நில்லு!" ஆயிரம் குரல். அவனுக்கு அது எப்படிக் கேட்டது? ஆரவாரமாகக் கேட்டது! இன்னும் உருகினான். இன்னும் வேகமாக நடந்தான்.

"ரெண்டடி" என்றார் கணவர்.

அப்போது பின்னாலிருந்து ஒரு குரல். பேசக் கூடாதவள், பாடக் கூடாதவள், ஐந்தாவதாக நின்றவள் கத்தினாள்: "டேய், நில்லுடா எருமை!"

ஆயிரம் பேர் சொன்னபோது நிற்காதவன், அந்த ஒரு குரலுக்கு நின்றான். ஒரு கால் மேடையில்; ஒரு கால் காற்றில். அவள் பாய்ந்து வந்து அவன் இடுப்புக் கச்சையைப் பிடித்து இழுத்தாள். இருவரும் பின்பக்கம் விழுந்தார்கள். விழுந்த வேகத்தில் அட்டை ஓடம் இரண்டாக மடிந்தது. கண்கட்டு அவிழ்ந்தது.

இளவரசன் கண்ணைத் திறந்து அவளைப் பார்த்தான். எழுதி வைத்த வசனம், "என் ஒளியே, உன்னைக் கண்டேன்." அவன் சொன்னது, "பல்லு எங்கடி?"

அரங்கம் வெடித்தது! அவளோ, அதுவரை புறங்கையால் மூடியிருந்த வாயை, கையை எடுத்துவிட்டுத் திறந்தாள். சிரித்தாள். ஓட்டையும் ஒளியுமாகச் சிரித்தாள். எத்தனையோ வாய்களைப் பார்த்தவள் நான். வரிசை பிசகாத முத்துப் பற்களோடு உதட்டைக்கூடப் பிரிக்காமல் சிரிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். முன்பல் இல்லாமல் ஆயிரம் பேர் முன்னால், விளக்கின் நடுவில், வாய் முழுக்கச் சிரித்த பெண்ணை அன்றுதான் பார்த்தேன். வாக்குத் தவறிய மருத்துவர் ஒருத்தி, மூன்றாவது வரிசையில் நின்றபடியே அழுதாள் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

ஆனால் நாடகம் முடியவில்லையே! விதி என்ன? பெண்கள் பேசக் கூடாது. அவள் பேசிவிட்டாள். பேசியதோடு இல்லாமல் எருமை என்றும் சொல்லிவிட்டாள். எல்லாருடைய கண்ணும் வில்லன் மேல். அவன் நின்றான். துடுப்பை ஊன்றினான். மை வழிந்த முகத்தை நிமிர்த்தி, எந்தப் புத்தகத்திலும் இல்லாத வசனம் ஒன்றைக் கம்பீரமாகச் சொன்னான்:

"பேசக் கூடாது என்பதே என் ஆணை. திட்டக் கூடாது என்று நான் ஆணையிடவில்லை! அழைத்துப் போ, மகனே, உன் ஓடக்காரியை!"

இந்த நாடகத்தில் அந்தச் சிற்றப்பன் ஒருநாளும் திருந்தியதில்லை. அன்று திருந்தினான். ஐம்பது ஆண்டாக அவனை வெறுத்த பெரியவர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள்.

நாடகம் முடிந்து உடைமாற்றும் அறைக்குப் போனேன். ஆறு பிடித்த பிள்ளைகள், துணி மடிப்பில் தேடியெடுத்த என் பல்லைப் பவுடர் டப்பாவின் மூடியில் வைத்து நீட்டினார்கள். அவள் பாதி வேடம் கலைத்து உட்கார்ந்திருந்தாள். நான் சொன்னேன்: "மன்னிச்சுக்கோம்மா. விழாதுன்னு சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது."

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். "நீங்க ஒரு தடவைன்னுதான் சொன்னீங்க டாக்டர். நான் நேத்து ஒத்திகையில பதினேழு தடவை அடிச்சேன். பயமா இருந்துச்சு. வருதா வருதான்னு பாத்துக்கிட்டே இருந்தேன்."

இந்தப் பதிலைக் கேட்டு நான் கோபப்பட்டிருக்க வேண்டும். ஆனால் எனக்கு வேறொன்று உறைத்தது. விழுந்துவிடுமோ விழுந்துவிடுமோ என்று அவள் விசிலைச் சோதித்தாள். விழுந்துவிடுமோ விழுந்துவிடுமோ என்று நான் பல்லைப் பார்த்தேன். அவள் பாடிய பாட்டு ஒன்றுகூட எனக்கு நினைவில்லை. அவள் ஓடம் விட்ட அழகு எனக்குத் தெரியாது. பதினெட்டு அடி தூரத்தில், இருபது வயதுப் பெண் ஒருத்தி தன் உயிரைக் கொடுத்து நடித்துக்கொண்டிருந்தாள். நான் அங்கேதான் இருந்தேன், பார்க்கவில்லை.

பெற்றோர்களே, பெரியோர்களே! இது என் ஒருத்தியின் கதைதானா? பிள்ளைகள் மேடையேறும்போது நாம் எதைப் பார்க்கிறோம்? வசனம் மறந்துவிடுமோ என்று பார்க்கிறோம். தாளம் தப்பிவிடுமோ என்று பார்க்கிறோம். மீசை உதிர்ந்துவிடுமோ, மானம் போய்விடுமோ என்று பார்க்கிறோம். பிழையைப் பார்க்கிறோம், பிள்ளையைப் பார்த்தோமா? தவறு வரும் இடத்துக்கெல்லாம் சிவப்பு மை தடவி மடியில் வைத்துக்கொண்டு காத்திருக்கிறோமே, காதில் விழுந்ததா அவர்கள் பாட்டு? வரட்டுமே தவறு! விழட்டுமே பல்! ஓடம் மடியட்டும், விளக்கு அணையட்டும், வசனம் மறக்கட்டும். அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். அன்று பார்த்துக்கொண்டார்களே! விழப்போனவனை அவள் பிடித்தாள். மாட்டிக்கொண்டவளை வில்லன் விடுவித்தான். நான் ஊதிய ஒரு விசிலால் இளவரசன் கீழே விழப்போனான் என்பதுதான் என் பங்கு!

நிரந்தரப் பல் பத்து நாள் முன்பு பொருத்தியாயிற்று. நாற்காலியிலிருந்து இறங்க மாட்டேன் என்று அடம்பிடித்து அங்கேயே ஒரு விசிலடித்துப் பார்த்தாள். பக்கத்து அறையில் ஊசிக்குப் பயந்து உட்கார்ந்திருந்த ஒருவர் எழுந்து வீட்டுக்கே போய்விட்டார்.

நேற்று மாணவர்கள் எல்லாரும் சேர்ந்து வந்து ஒரு வேண்டுகோள் வைத்தார்கள். "டாக்டர், கடைசி விசிலை நீங்களே மூணாவது வரிசையிலேருந்து அடிச்சிருங்க. ஜனங்க அதைத்தான் எதிர்பாத்து வராங்க." ஓடக்காரியும் கூட நின்று தலையாட்டினாள். ஆனால் அவள் கண்ணைப் பார்த்தேன். பதினேழு தடவை சோதித்தாளே, அந்தப் பயம் இன்னும் அங்கே குந்தியிருந்தது.

முடியாது என்று சொல்லிவிட்டேன். உங்களில் சிலருக்கு ஏமாற்றமாக இருக்கும். பின்வரிசையில் "ஐயோ" என்கிறார்கள், கேட்கிறது. ஆனால் அந்த விசில் அவளுடையது. பல் நிற்குமா என்று என்னைக் கேட்டாள். "தெரியாது" என்றேன். இருபத்தாறு ஆண்டில் நோயாளி ஒருவரிடம் நான் சொன்ன முதல் நேர்மையான பதில் அதுதான். "நின்னாலும் பாப்பேன், விழுந்தாலும் பாப்பேன். நீ அடி" என்றேன்.

ஆகவே, அன்பானவர்களே, இன்று என் மடியில் பாட்டுப் புத்தகம் இல்லை. சிவப்பு மை இல்லை. என் கணவர் பக்கத்தில் ஓர் இடம் பிடித்து வைத்திருக்கிறார். மேடையிலிருந்து எத்தனை அடி என்று தயவுசெய்து யாரும் அவரைக் கேட்டுவிடாதீர்கள். நான் அங்கே போய் உட்கார்ந்து, நிலாப் பாட்டைக் கேட்கப் போகிறேன், ஆற்றைப் பார்க்கப் போகிறேன், ஓடக்காரியைப் பார்க்கப் போகிறேன்.

வாய் திறந்து பேச வாய்ப்பளித்த முதல்வர் அவர்களுக்கும், வாய் மூடிப் பொறுமை காத்த உங்களுக்கும், முதன்முறையாக என்னை ஒரு நாடகம் பார்க்க வைக்கப்போகும் இந்தப் பிள்ளைகளுக்கும் நெஞ்சம் நிறைந்த நன்றி. இளவரசே, கண்ணைக் கட்டிக்கொள். ஓடக்காரியே, மூச்சை இழுத்துக்கொள். நாங்கள் வந்துவிட்டோம். வணக்கம்!